இருபத்து மூன்று பெயர்கள்

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி இருக்கும். சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் போகிற சாலையில் இருக்கும் தன் டி.டி.பி. கடையில், நாற்பத்தோராவது பார்சலுக்குப் பிரவுன் டேப் ஒட்டிப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள் சந்திரலேகா. அப்போது போனில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. தெரியாத எண். புத்தகம் கேட்கிற யாரோ என்று நினைத்து, டேப்பை வாயிலிருந்து எடுக்காமலே தட்டினாள்.

"வணக்கம்மா. நான் கடலூரு ஆர்பர்லேர்ந்து ராணியம்மா பேசறேன். வினோத்துக்கு அத்தை. புக்கு பாத்தேன். போட்டோல்லாம் நல்லாத்தான் இருக்குது. நாப்பத்தேழாம் பக்கத்துல இருக்கறது நான்தான். கடைசில யாரு எவருன்னு லிஸ்டு போட்டிருக்கீங்க இல்ல, அதுல குப்பன் பேரு இருக்குது, அவுரு படகு பேரு இருக்குது. நாய்க்குகூட டைகருன்னு இருக்குது. எனக்கு 'மீன் விற்கும் பெண்'ணு போட்டிருக்குது. நான் மீனு விக்கறவ இல்லம்மா. ஏலம் வுடறவ. இருவத்தெட்டு வருசமா வுடறேன். அது போவட்டும். எனக்குப் பேருன்னு ஒண்ணு இருக்குது இல்ல." அதற்குள் பின்னால் யாரோ கூப்பிட, பதிவை நிறுத்த மறந்து, "சங்கரா எறநூத்தம்பது, எறநூத்தம்பது, எறநூத்தி எழுவது" என்று அதே குரலில் ஏலத்தைத் தொடங்கிவிட்டார். பதிவு அதோடு முடிந்தது.

சந்திரலேகா டேப்பை மேசையில் ஒட்டிவிட்டு, கட்டப்படாத ஒரு பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கங்களைத் திறந்தாள். புத்தகத்தின் பெயர் 'ஐஸ் உடைக்கும் சத்தம்'. கடலூர் துறைமுகத்தின் விடியற்காலைகளை வினோத்குமார் என்கிற பையன் நாலு வருடமாகத் தன் போனில் எடுத்த படங்கள். படங்களின் பக்கங்களில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. யார், எங்கே என்பதெல்லாம் கடைசி நாலு பக்கத்தில் பட்டியலாக இருந்தது. அவள் விரல் வைத்துக்கொண்டே இறங்கினாள். 'குப்பன், படகு உரிமையாளர்.' 'சேரன், ஐஸ் உடைப்பவர்.' 'மீன் விற்கும் பெண்.' 'மீன் விற்கும் பெண்.' 'டைகர், துறைமுகத்து நாய்.' 'மீன் விற்கும் பெண்.' எண்ணிப் பார்த்தாள். இருபத்து மூன்று பெண்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை.

இந்தப் பட்டியலை அவள் மூன்று முறை மெய்ப்புப் பார்த்திருந்தாள். பகலெல்லாம் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, கட்டிக் கொடுப்பதுதான் அவளுக்குச் சோறு போடுகிற வேலை. சந்திரலேகா கை பட்ட ஆய்வேட்டில் ஓர் ஒற்றுப்பிழை காட்ட முடியாது என்று பேராசிரியர்களே சொல்வார்கள். அந்தத் தைரியத்தில்தான் ஐந்து வருடத்துக்கு முன்னால் 'பரவனாறு வெளியீடு' என்று பெயர் வைத்துத் தனியாகப் புத்தகம் போடத் தொடங்கினாள். கடையை மூடிய பிறகு வடிவமைப்பு, இன்ஸ்டாகிராமில் அறிவிப்பு, பணம் கட்டியவர்களுக்கு அவளே பார்சல். ஊர் ஊராகக் கடிதம் வரும், பெரும்பாலும் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று. அவள் திருத்துவதில்லை. இது எட்டாவது புத்தகம். முதல் புகைப்படப் புத்தகம். முந்நூறு பிரதி. நேற்று நாற்பது போய்விட்டன. சனிக்கிழமை சென்னையில் தொடங்குகிற புகைப்படக் கண்காட்சி ஒன்றில் வினோத்தின் படங்களைச் சுவரில் மாட்டுகிறார்கள். அங்கே புத்தகத்துக்கு ஒரு மேசையும் ஒதுக்கியிருந்தார்கள். சிதம்பரத்துக் கடையிலிருந்து போகிற புத்தகம் அப்படியொரு இடத்தில் உட்காரப் போவதை நினைத்து ஒரு வாரமாக அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பட்டியலில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அதுதான் அவளை உறுத்தியது. மூன்று முறையும் 'விற்கும்' என்பதில் வல்லின றகரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். அந்த விற்கும் பெண் யார் என்று ஒரு முறையும் கேட்கவில்லை. கேட்காதது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. அந்த வரி திரும்பத் திரும்ப வருவது பாட்டின் பல்லவி மாதிரி இருக்கிறது என்று அவளுக்குப் பிடித்திருந்தது. 'பெயரற்ற இந்தப் பெண்களின் வரிசையே இந்நூலின் கவிதை' என்று பின்னட்டையில் எழுதியவளும் அவள்தான்.

வினோத்துக்குப் போன் போட்டாள். சோனாங்குப்பத்துக்காரன். இருபத்தாறு வயது. ஐஸ் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. அவள் முதன்முதலில் இன்ஸ்டாகிராமில் 'உங்கள் படங்களைப் புத்தகமாகப் போடலாமா' என்று கேட்டபோது, ஓ.டி.பி. கேட்கிற கூட்டம் என்று நினைத்து அவளை பிளாக் செய்தவன்.

"அத்தை உங்களுக்கே அனுப்பிடுச்சா?" என்றான். குரல் இறங்கியிருந்தது. "காலைலேர்ந்து என்கிட்டதான் சண்ட. நேத்து சாயங்காலம் புக்க குடுத்தேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்குது, எழுத்துக் கூட்டிக் கூட்டி எல்லாத்தையும் படிச்சிடுச்சிக்கா."

"அவங்க பேர ஏன் நீ போடல, வினோத்?"

பின்னால் ஐஸ் பாளம் இரும்புத் தகட்டில் வழுக்கிப் போகிற சத்தம் கேட்டது.

"அத்தை பேரு மட்டும்தான்க்கா தெரியும். மத்தவுங்க பேரு தெரியாது. எல்லாரும் எனக்குப் பெரிம்மா, சித்தி, அத்தைதான். வெளில சொல்லும்போது சேரன் அம்மா, குப்பன் பொண்டாட்டி அப்புடித்தான் சொல்லுவோம். பேரு சொல்லிக் கூப்ட்டா செருப்பு பிஞ்சிடும். அத்தை பேர மட்டும் போட்டா மத்தவுங்க கோச்சிக்குவாங்கன்னு விட்டுட்டேன்." நிறுத்திவிட்டு, "சனிக்கெழம போயிடட்டும்க்கா. இ-புக்குல உடனே மாத்திடலாம் இல்ல. அச்சுல அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இ-புத்தகத்தை அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது. முந்நூறு பிரதி தீர்ந்து அடுத்த பதிப்பு என்பது அவள் பதிப்பகத்தில் இதுவரை நடந்ததில்லை என்பது அவனுக்குத் தெரியாது. அவள் சென்னைக்குப் பேசினாள். பட்டியலில் ஒரு பிழை, புத்தகம் வருவது தாமதமாகலாம், வராமலும் போகலாம் என்றாள். கண்காட்சிப் பொறுப்பாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது பிழையில்லைங்க. பேர் இல்லாம இருக்கறதுதானே இந்தப் புத்தகத்தோட கவிதை" என்றார். தன் வாக்கியம் அடுத்தவர் வாயிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டபோது சந்திரலேகாவுக்குக் காது சுட்டது. "இல்லைங்க. நாங்க கேக்காம விட்டது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கட்டி வைத்திருந்த நாற்பத்தோராவது பார்சலைப் பிரித்துப் புத்தகத்தை வெளியே எடுத்து வைத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கடலூர் போனாள். ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் கிழக்கு வெளுத்தது. துறைமுகத்தில் இறங்கி நடக்கையில் செருப்புக்குள் ஐஸ் தண்ணீர் ஏறியது. வினோத் வாசலில் நின்றிருந்தான். அவனோடு கூட்டத்துக்குள் போனபோது படத்தில் ஆறு மாதமாகப் பார்த்துப் பழகிய முகத்தை நேரில் கண்டாள். ராணியம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் முழுக்கை ஆண்சட்டை, மடித்துச் செருகிய கொசுவம். முன்னால் வஞ்சிரம் ஒரு குவியல், கவலை மீன் நாலு கூடை. சுற்றிலும் முப்பது பேர். காகிதம் இல்லை, பேனா இல்லை. யார் எந்தக் குவியலை எவ்வளவுக்குக் கேட்டார்கள் என்பது முழுவதும் அந்தத் தலைக்குள் இருந்தது. ஒருவன் கண்ணை அசைத்தால் நூறு ஏறியது. ஒருவர் துண்டை உதறினால் அவர் விலகிவிட்டார் என்று அந்த அம்மாளுக்குப் புரிந்தது. படத்தில் திறந்த வாயும் தூக்கிய கையுமாக ஒரு கணம்தான் பதிந்திருந்தது. அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் இவ்வளவு கணக்கு ஓடிக்கொண்டிருந்ததை சந்திரலேகா இப்போதுதான் கண்டாள்.

அவர்கள் வந்ததைப் பார்த்தும் ராணியம்மாள் ஏலத்தை நிறுத்தவில்லை. முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார். கடைசிக் கூடை போன பிறகு குழாயில் கை கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நீதான் லேகாவா? போன்ல பேசி முடிப்பன்னு பாத்தேன். வந்துட்டியே."

"தப்பு எங்களுதும்மா. அதைச் சரி பண்ணணும்."

"என்னுது மட்டுமா?"

"இருபத்து மூணு பேருதும்."

ராணியம்மாள் வினோத்தை மேலும் கீழும் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இவனத் திட்டாத. இவன் அப்பன் என் கூடப்பொறந்தவன், அவன்கூட என்ன 'யம்மே'ன்னுதான் கூப்புடுவான். வா, ஏழு மணிக்கு மேல எல்லாரும் டீ குடிக்க வருவாளுங்க."

வலை பின்னுகிற கொட்டகையில் சந்திரலேகா புத்தகத்தை ஓர் ஐஸ் பெட்டியின் மேல் விரித்து வைத்தாள். பெண்கள் டீ கிளாஸோடு வந்து சூழ்ந்தார்கள். வினோத் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும், அவள் எழுதிக்கொள்வாள் என்று ஏற்பாடு. முதல் ஆளிடம் அவன் "பெரிம்மா, உங்க பேரு..." என்று இழுத்ததுமே கொட்டகை முழுக்கச் சிரிப்பு. தூக்கி வளர்த்தவள் பேர் தெரியாதாம் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். அந்தப் பெரியம்மா வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அஞ்சலாட்சி" என்றார். அதை வெளியே சொல்லி எத்தனை நாளாயிற்றோ, சொன்ன பிறகு தானே ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பெயர் எழுதுவது கால் மணி வேலை என்று நினைத்துத்தான் சந்திரலேகா வந்திருந்தாள். ஒன்பதரை ஆனது. செங்கேணி தன் பெயருக்கு முன்னால் புருஷன் இன்ஷியல் கூடாது, அப்பா இன்ஷியல்தான் வேண்டும் என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கன்னியம்மாள் தான் மீன் விற்பதில்லை, தரம் பிரிப்பவள், அப்படியே போட வேண்டும் என்றார். இறால் உரிக்கிற சினேகா பி.காம். முடித்தவள். பெயருக்குப் பக்கத்தில் அதைப் போடச் சொல்லிவிட்டு, போட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களோ என்று தயங்கினாள். "போடுடி. படிச்சது நீதானே" என்றார் ராணியம்மாள். கூடை சுமக்கிற ஒருவர் மட்டும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மகளைப் புதுச்சேரியில் கொடுத்திருக்கிறது, சம்பந்தி வீட்டில் இவர் கூடை தூக்குவது தெரியாது. "மூஞ்சிதான் பாதி இருட்டுல இருக்குதே, போட்டோ இருக்கட்டும். பேரு வேணாம் கண்ணு" என்றார். சந்திரலேகா பேனாவை மூடிவிட்டு, என்ன எழுதட்டும் என்று அவரையே கேட்டாள். அவர் யோசித்து, "வேணாம்னு சொன்னாள்னு எழுது" என்றார். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

அறுபத்தோராம் பக்கத்தில் எல்லோரும் நின்றுபோனார்கள். அதில் முகமே இல்லை. ஈரப் பலகையின் மேல் நெத்திலியை ஒதுக்குகிற ஒரு கை மட்டும். சுண்டு விரலில் மேல் கணு கிடையாது. வினோத்துக்கும் அது யார் என்று நினைவில்லை, மூன்று வருடத்துக்கு முந்தைய படம். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பார்த்தார்கள். அஞ்சலாட்சிதான் முதலில் சொன்னார்.

"ராபர்ட்டு அம்மா கை இது."

ராபர்ட்டின் அம்மா போன ஐப்பசியில் இறந்துவிட்டார். அவர் பெயர் என்ன என்று சந்திரலேகா கேட்டாள். பதினெட்டு வருடம் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து மீன் ஒதுக்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் 'புதுப்பொண்ணு', பிறகு 'ராபர்ட்டு அம்மா'. ராபர்ட் பிறந்த மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஆசையாகக் கூப்பிட்ட பெயரே அந்தப் பிள்ளைக்கு நின்றுவிட்டது. அந்தப் பெயருக்குள் தாயின் பெயர் மறைந்துவிட்டது. யாரோ போய் ராபர்ட்டை அழைத்து வந்தார்கள். ஏற்றுமதிக் கம்பெனிக்கு மீன் எடுத்துக் கொடுக்கிற ஆள், முப்பத்தைந்து வயது, கையில் இரண்டு போன். படத்தைப் பார்த்ததும் இரண்டு போனையும் சட்டைப்பையில் போட்டான். ஐஸ் பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து, தாளில் படாமல் அந்த விரலுக்கு நேராகத் தன் விரலை வைத்துப் பார்த்தான்.

"தில்லையம்மாள்" என்றான். "ஒங்க ஊருதான் எங்கம்மாவுக்கு. சிதம்பரம் பக்கம், கீரப்பாளையம். அங்கேர்ந்து கடலுக்கு வந்து வாக்கப்பட்டுச்சி. அப்பாகூட 'இந்தா'ன்னுதான் கூப்புடுவாரு. ரேஷன் கார்டுல பாத்தாதான் உண்டு." எழுந்து போகும்போது திரும்பி, "ல்லை, பெரிய ளை இல்ல" என்று எழுத்தைச் சொல்லிவிட்டுப் போனான்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் வினோத் உடன் வந்தான். கம்பெனியில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டானாம். புதுச்சத்திரம் வரைக்கும் போனில் தான் எடுத்த பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "நாலு வருசம் தெனமும் படம் புடிச்சேன்க்கா. ஒருத்தரும் வேணாம்னு சொல்லல. ஏன்னு இன்னிக்கித்தான் யோசிக்கிறேன். நம்ம வூட்டுப் புள்ளன்னு வுட்டிருக்காங்க" என்றான். அவள் அவனைத் தேற்றவில்லை. தேற்றுகிற இடத்தில் தானும் இல்லை என்று நினைத்தாள். பட்டியலை அவன் கையில் கொடுத்து, எழுத்து சரியாக இருக்கிறதா பார் என்றாள்.

கடையில் பைண்டிங் வேலை பார்க்கிற ராமாமிர்தம் கீரப்பாளையத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஒரு வியப்பும் இல்லை. "கைடு கடைசி நேரத்துல திட்டி அனுப்பிச்ச தீசிஸ் நான் பாக்காததா? தாளை வெட்டிட்டுப் புதுசு ஒட்டினா தெரியவே தெரியாது" என்றார். கடைசி நாலு பக்கமும் ஒரே தாளை மடித்துச் சேர்த்தது. அதை ஓரத்தில் ஒரு விரற்கடை விட்டு வெட்டி எடுத்து, புதுத் தாளை அந்த விளிம்பில் ஒட்ட வேண்டும். ஒட்டியது தெரியாமல் செய்வதாக ராமாமிர்தம் சொன்னார். தெரியட்டும் என்றாள் சந்திரலேகா. ராமாமிர்தத்துக்கு அது பிடிக்கவில்லை. தன் கைவேலையில் தடம் தெரிவதை அவர் முப்பது வருடமாக அனுமதித்ததில்லை. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒட்டு தெரியாது, ஆனால் தாளின் நிறம் வேறாக இருக்கும். புதுச்சேரியில் ஒரு கடையில் கிடைத்த லேசான மணல் நிறத் தாளை வினோத் போய்த் தூக்கி வந்தான்.

வியாழக்கிழமை புதிய பட்டியலை அவள் கணினியில் கோத்தாள். முன்பு எட்டுப் புள்ளியில் இருந்த எழுத்தைப் பத்தாக்கினாள். பின்னட்டை அச்சானது அச்சானதுதான், அதை மாற்ற வழியில்லை. அதனால் பட்டியலின் தலையில், 'பின்னட்டையில் நான் எழுதிய வாக்கியம் தவறு. அவர்கள் பெயரற்றவர்கள் அல்லர். நாங்கள் கேட்கவில்லை. சந்திரலேகா' என்று போட்டாள். பதிப்பகத்தின் எந்தப் புத்தகத்திலும் அதுவரை அவள் தன் பெயரை முழுதாக அச்சிட்டதில்லை. பிறகு வினோத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி மெய்ப்புப் பார்த்தாள். அஞ்சலாட்சி, செங்கேணி, கன்னியம்மாள் என்று அவன் படித்தான். பெரியவர்களைப் பெயர் சொல்கிற கூச்சத்தில் முதல் ஐந்தாறு பெயர் முணுமுணுப்பாகத்தான் வந்தது. "கேக்கலப்பா" என்று தாள் வெட்டுகிற இடத்திலிருந்து ராமாமிர்தம் குரல் கொடுத்தார். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினான். 'ராணியம்மாள், ஏலம் விடுபவர்' என்று வந்தபோது குரல் கடைக்கு வெளியே கேட்டது. ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்கே இன்ஸ்டாகிராமிலும் போட்டாள். எங்கள் பிழை, ஏற்கெனவே வாங்கிய நாற்பது பேருக்கும் புதிய தாள் தபாலில் வரும், பழையதைக் கிழிக்க வேண்டாம், இரண்டும் இருக்கட்டும் என்று எழுதினாள். பாராட்டியும் எழுதினார்கள், பழையதுதான் ஆழமாக இருந்தது என்றும் இரண்டு பேர் எழுதினார்கள். அவள் பதில் போடவில்லை. பசை காய்வதற்குள் அடுத்த பிரதியை எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை மூன்று பேருமாகச் சேர்ந்து நூற்றுப் பத்துப் பிரதி முடித்திருந்தார்கள். விரல் நுனியெல்லாம் பசை. பளுவுக்காக மேலே ஆய்வேடுகளை அடுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, சந்திரலேகா ஒரு பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். எட்டுப் புத்தகம் போட்டிருக்கிறாள். இது தன்னுடையது என்று நெஞ்சு நிமிர்ந்து சொல்லத் தோன்றியது இந்த மணல் நிறத் தாளைத் தொட்டபோதுதான்.

ராணியம்மாளிடம் வேலை முடிந்ததைப் போனில் சொன்னாள். சென்னைக்கு வினோத் சனிக்கிழமை காலை பஸ்ஸில் எடுத்துப் போகிறான் என்றாள்.

"அங்க என்னா பண்ணுவாங்க?"

"வெளியிடுவாங்கம்மா. ஒருத்தர் முதல் பிரதியக் குடுப்பாரு, இன்னொருத்தர் வாங்கிக்குவாரு."

"அங்க எடுத்துட்டுப் போறதுக்கு மின்ன இங்க எடுத்துட்டு வா. மொத பிரதிய நான் ஏலம் வுடறேன்."

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் படகுகள் வந்து மீன் இறங்கி, பெரிய ஏலம் ஓய்ந்திருந்தது. ராணியம்மாள் ஒரு பிளாஸ்டிக் டிரேயைக் கழுவிக் கவிழ்த்து, அதன் மேல் சுத்தமான துண்டு விரித்து, புத்தகத்தை வைத்தார். கூட்டம் சிரித்துக்கொண்டே கூடியது. வியாபாரிகள், படகுக்காரர்கள், டீக்கடைக்காரர், குப்பன் எல்லோரும் இருந்தார்கள். சந்திரலேகா ஓரமாக நின்றாள். ஏதாவது பேசச் சொல்வார்களோ என்று இரவே இரண்டு வரி தயாரித்து வைத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை.

"சரக்கப் பாத்துக்க. தொண்ணூத்தாறு பக்கம். கெடாது. ஐஸு வேணாம்" என்று தொடங்கினார் ராணியம்மாள். "ஐநூறு. ஐநூறு. ஐநூத்தம்பது."

குப்பன் எழுநூறு கேட்டார். தன் படகு அதில் இருக்கிறது என்று பக்கத்து ஆளிடம் பெருமையடித்தார். டீக்கடைக்காரர் ஆயிரம் என்றார். விளையாட்டாகத் தொடங்கியது ஆயிரத்து ஐநூறு தாண்டியதும் வழக்கமான ஏலமாகிவிட்டது. கண்ணசைவு, துண்டு உதறல், உதட்டைப் பிதுக்கல். ராணியம்மாளின் குரல் வஞ்சிரத்துக்கு ஏறுகிற மாதிரியே ஏறியது. இரண்டாயிரத்து நூறில் குப்பன் நின்றார். கூட்டத்தின் பின்னாலிருந்து ராபர்ட் கையை உயர்த்தி, "மூவாயிரம்" என்றான்.

ஒருதரம் சொல்ல வேண்டிய இடம். ராணியம்மாள் சொல்லவில்லை. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஏற்றிக் கேட்க வாயெடுத்த டீக்கடைக்காரர் அந்தப் பார்வையில் வாயை மூடிக்கொண்டார். இருபத்தெட்டு வருடத்தில் அந்த அம்மாள் ஒருதரம், ரெண்டுதரம் சொல்லாமல் முடித்த ஏலம் அதுவாகத்தான் இருக்கும்.

"தில்லையம்மா மவனுக்கு" என்றார்.

ராபர்ட் வந்து துண்டோடு சேர்த்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டான். பணத்தை ராணியம்மாளிடம் நீட்டினான். அவர் எண்ணிப் பார்க்காமல் சந்திரலேகாவிடம் கொடுத்தார். "தபால் செலவு இருக்குதில்ல உனக்கு" என்றார்.

வினோத் சென்னைக்கான எண்பது பிரதிகளை இரண்டு பையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான். அக்கா, நீங்களும் வாங்க, உங்க பேரு கூப்புடுவாங்க மேடையில என்றான். கிளம்பத்தான் அவளும் நினைத்திருந்தாள். அதற்குள் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லார் கையும் ஈரம், செதில். அவர்களுக்கென்று கொண்டுவந்திருந்த பிரதிகளை ஒருவரும் தொடவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வாங்கிக்கொள்கிறோம், இப்போது நீயே காட்டு என்றார்கள். "நீ போப்பா. நான் சாயங்காலம் வர்றேன்" என்று வினோத்தை அனுப்பிவிட்டு, சந்திரலேகா கவிழ்த்த டிரேயின் மேலேயே உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்தாள்.

அவள் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். நிறுத்து என்றால் நிறுத்தினாள். திருப்பு என்றால் திருப்பினாள். மணல் நிறத் தாள் வந்ததும் அஞ்சலாட்சி மற்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எது என்னுது?" என்றார். சந்திரலேகா விரல் வைத்துக் காட்டினாள். கடற்காற்று தாளின் முனையைத் தூக்கியது, அவள் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். அஞ்சலாட்சி ஈரக் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, மூக்கு தாளில் படுகிற அளவுக்குக் குனிந்து, அந்த ஆறு எழுத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் மற்ற பெண்களும் கைகளை முதுகுக்குப் பின் கட்டியபடி வரிசையில் நின்றிருந்தார்கள்.